இரண்டும் வெள்ளை

சிரிப்பு ஒன்று வைத்திருக்கிறேன். நேற்று மத்தியானத்திலிருந்து வயிற்றுக்குள் அப்படியே இருக்கிறது, சூடு ஆறாமல். இப்போது எடுத்துவிட்டால் இந்த வரிசையில் நிற்கிற அத்தனை பெண்களும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள், வாசலில் நிற்கிற போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு சிரிப்பார். ஆனால் இப்போது கிடையாது. எனக்கு முன்னால் நிற்கிற குழலி மதினி அந்த ஆறாம் வகுப்பு அறைக்குள் போக வேண்டும், விரலில் மை வைத்துக்கொள்ள வேண்டும், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் குனிந்து ரோஸ் கலர் சீட்டில் முத்திரை குத்தி, மடித்து, பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். அதுக்கப்புறம்தான். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வைத்து, மதினி, நேத்து நீ பூக்கட்டிப் பாத்தல்லா, அதுல ஒரு விஷயம் என்று ஆரம்பிப்பேன், அவள் என் முதுகில் ஒரு அடி வைப்பாள், ரெண்டு பேரும் சிரிப்போம். அதுவரைக்கும் பல்லைக் கடி முப்பிடாதி. முன்னால் பதினோரு பேர். மதினி இடுப்பில் அகிலேஷ். ஆறு வயசுப் பையனை ஏன் தூக்கி வைத்திருக்கிறாய் என்று இந்த ஊரில் யாரும் அவளைக் கேட்பதில்லை, அவனுக்கு வலிப்பு வந்ததிலிருந்து அவனைத் தரையில் விடுவது குறைவு. அவள் தோளுக்கு மேலே என்னை எட்டிப் பார்த்து, "அத்தே, பூனை மாதிரி கத்து" என்கிறான். உதட்டை அசைக்காமல் கத்துகிறேன். வரிசையில் மூன்று பேர் காலுக்கடியில் தேடுகிறார்கள். இது அந்தச் சிரிப்பு இல்லை. இது சில்லறை.

எல்லாக் குரலும் எனக்கு வரும். தென்காசி பஸ் கண்டக்டர், மூக்காலேயே பாடம் நடத்துகிற கணக்கு சார், கோழியை விரட்டுகிற எங்கம்மா, விரட்டப்படுகிற கோழி. போன வாரம் அரிசி மில்லுக்காரர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் பெண்சாதி குரலில், ஏங்க, இங்கன வாங்க என்றேன், மனுஷன் பாதி சவரத்தோடு ஓடி வந்தார், ஒரு கன்னத்தில் மட்டும் நுரை. அந்தப் பெண்சாதிதான் பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கிறாள். இந்தத் தடவை எங்கள் ஊரைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள், அதனால் நிற்பது அவள், பேசுவது மில்லுக்காரர், வீடு வீடாகக் கவர் கொடுப்பது அவர்களுடைய ஆள் குற்றாலிங்கம். சின்னம் ஆட்டோ. எதிரே ஆவுடையம்மா, எங்கள் தெருக்காரி, மதினியைப் போலவே பீடி சுற்றுகிறவள், சின்னம் சீப்பு. சீப்புக்குப் போட்டா தலையில இருக்கதும் கொட்டிரும் தாயி என்று குற்றாலிங்கம் சொன்னதை அதே குரலில் ஆவுடையம்மாவிடம் சொல்லிக் காட்டினேன், அவள் சிரித்ததில் மடியிலிருந்த பீடித் தட்டு கவிழ்ந்து தூள் முழுக்கத் தரையில். எல்லாக் குரலும் வரும். ஒன்றே ஒன்றைத் தவிர. அதற்கு வருகிறேன், அவசரம் இல்லை, முன்னால் இன்னும் பத்துப் பேர்.

குற்றாலிங்கத்தின் குரல் சுலபம், தொண்டையில் கொஞ்சம் திருநீறு சிக்கிக்கொண்ட மாதிரி வைத்துக்கொண்டால் போதும். ஆனால் அந்த ஆளைச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை, அதுதான் இடிக்கிறது. கள்ளன் என்றால் தள்ளிவிடலாம். அவர் விடிகாலையில் குளித்துவிட்டு வருகிறார். செருப்பை வாசலுக்கு வெளியே விடுகிறார். தட்டில் கற்பூரம் ஏற்றி, "தாயி, உச்சிமாகாளி சத்தியமா என் ஓட்டு ஆட்டோவுக்குன்னு சொல்லி, கையை வச்சு அணைங்க" என்கிறபோது அவர் கண் மூடியிருக்கிறது, கை ரோமம் நிற்கிறது, நான் பார்த்தேன், உண்மையாகவே நின்றது. கவரை ரெண்டு கையாலும் நீட்டுகிறார், கோயிலில் பிரசாதம் கொடுப்பது மாதிரி. எங்கள் வீட்டில் அப்பா அணைத்தார், அம்மா அணைத்தாள், அடுத்தது நான், ஐப்பசியில்தான் பதினெட்டு முடிந்தது, முதல் ஓட்டு. குற்றாலிங்கம் கண்ணை மூடினார். எனக்கு வாய் சும்மா இருக்குமா. எங்கப்பா குரலில் சொன்னேன். உச்சிமாகாளி சத்தியமா என்று அப்பாவின் கட்டைக் குரலில், கடைசியில் அவர் போடுகிற அந்தச் செருமலோடு. "ஏன் அண்ணாச்சி ரெண்டு தடவ சொல்லுதிய" என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் திறந்தார், தட்டுக்கு மேலே என் கை இருந்தது, கற்பூரம் அணைந்திருந்தது, அப்பா அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எல்லாம் சிரிப்புதான். உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்தது, பாவாடையில் துடைத்தேன். இப்போது இந்த வரிசையில் நிற்கும்போது அந்தக் கை அரிக்கிறது. குரல் அப்பாவுடையது. கை என்னுடையது. சத்தியம் குரலில் இருக்குமா கையில் இருக்குமா. குரலில்தான் என்றால் அப்பா ரெண்டு தடவை பண்ணியிருக்கிறார், நான் பண்ணவே இல்லை. கையில் என்றால். கையில் என்றால் வேண்டாம், மதினி கதைக்கு வா.

மதினி வீட்டுக்கு அவர் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன், பீடி இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டு. அகிலேஷுக்கு வலிப்பு மாத்திரை தீர்ந்து நாலு நாள். அண்ணன் கேரளாவில் கட்டட வேலையில், போனை எடுக்கவில்லை. மதினி கவரைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், கையை நீட்டினாள். குற்றாலிங்கம் அதே பணிவோடு, "பிள்ளை தலையையும் ஒரு கையால தொட்டுக்கிடும்மா, மனசுக்கு ஒரு பிடிமானமா இருக்கும்ல" என்றார். ஒரு கை அவன் தலையில், ஒரு கை நெருப்பில். அணைத்தாள். அவர் எங்கள் தெருவை முடித்திருக்க மாட்டார், அண்ணனிடமிருந்து போன் வந்துவிட்டது, துட்டு அனுப்பியாச்சு, மாத்திரை வாங்கிக்கோ என்று. அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை நினைத்து அவள் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டாள். ஏனென்றால் அவள் ஓட்டு ஆவுடையம்மாவுக்கு. ஆடி மாசம் பிள்ளைக்கு வெட்டி இழுத்தபோது ஆவுடையம்மாதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினாள், பெரியாஸ்பத்திரியில் மூணு நாள் கீழே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள், தேர்தல் வரும் என்றே யாருக்கும் தெரியாத காலம் அது. மதினி பிரிக்காத கவரை எடுத்துக்கொண்டு குற்றாலிங்கம் வீட்டுக்குப் போனாள், நானும் பின்னாலேயே. அவர் பாம்பைக் கண்ட மாதிரி ரெண்டடி பின்னால் போனார். "சத்தியம் பண்ணி வாங்கின துட்டு தாயி. அதைத் திரும்பத் தொட்டா என் கை அழுகிரும். நான் யாரு அதை விடுவிக்க. உச்சிமாகாளிகிட்ட கேளு." நடிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. அந்தக் கவரை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ரெண்டு பேருக்குமே பயம், ஒரே பயம், நான் மட்டும் நடுவில், எந்தக் குரலில் பேசுவது என்று தெரியாமல். மூணு நாள் மதினி சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சுற்றின பீடியைக் கடைக்காரன் லூசாக இருக்கிறது என்று தள்ளிவிட்டான், அவள் கைக்கு அப்படி நடந்ததே கிடையாது. ராத்திரி பிள்ளை தூக்கத்தில் கால் உதறினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். "ஆட்டோவுக்குப் போட்டா ஆவுடை மொகத்துல முழிக்க முடியாது. சீப்புக்குப் போட்டா இவன் தலை மேல வச்ச கை" என்பாள், அதற்கு மேல் சொல்ல மாட்டாள், கையை மட்டும் திருப்பிப் பார்ப்பாள்.

எட்டுப் பேர். வெயில் ஏறுகிறது. உள்ளே இருந்து, தேர்தல் வேலைக்கு வந்திருக்கிற வெளியூர் வாத்தியார் குரல், ஸ்லிப்பக் கையில எடுத்து வச்சிக்கோங்கம்மா, ஒருத்தர் ஒருத்தரா வாங்கம்மா, ஒவ்வொரு அம்மாவையும் மெல்லத் தூக்கி இறக்கி வைக்கிற குரல், பிடித்துவிட்டேன், பையில் போட்டுக்கொண்டேன். சரி, அந்தக் குரல். வராத குரல். நேற்று மத்தியானம் ஒரு மணிக்கு உச்சிமாகாளி கோயில். பூசாரி சாப்பிடப் போய்விட்டார், கம்பி போட்ட அழிக்கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருட்டு, இருட்டுக்குள் ரெண்டு வெள்ளிக் கண். சாமியாடி குரல் எனக்கு வரும், பூசாரி மந்திரம் முழுங்குவது வரும், கோயில் கொடைக்கு வருகிற வில்லுப்பாட்டுக்காரர் வரும், ஆனால் அவள் குரல் எப்படி இருக்கும். பன்னிரண்டு வயசில் ஒரு தடவை அந்தக் கம்பிக்கு முன்னால் நின்று முயற்சி பண்ணினேன். வாயைத் திறந்தேன். மூச்சு போனது, வந்தது. அவ்வளவுதான். அவள் பேசாமல் இருப்பதைப் போலப் பேசாமல் இருக்கக்கூட எனக்கு வரவில்லை, என் பேசாமை வேறு, அதில் கொஞ்ச நேரத்தில் ஒரு விக்கல் வந்துவிடும். கர்ப்பகிரகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, குழலி, உன் சத்தியத்தை நான் எடுத்துக்கிட்டேன், போ என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. அதனால்தான் பூ.

மதினியேதான் சொன்னாள், பூக்கட்டிப் பார்க்கலாம் என்று. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி, உச்சிமாகாளி முன்னால் வைத்துப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் விட்டுவிட்டாள், மனசுபோல் போடலாம். சிவப்பு வந்தால் கட்டினது கட்டினதுதான், ஆட்டோ. கேட்கிறவள் கட்டக்கூடாது என்பதால் கட்டுகிற வேலை எனக்கு. சுற்றுவதற்குப் பீடி இலையும் பீடி நூலும் கொண்டுவந்திருந்தாள். "சாமிக்குப் போய் பீடி இலையா" என்றேன். "நமக்குச் சோறு போடுத இலைதானட்டி" என்றாள். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஏழு வெள்ளை, ஏழு சிவப்பு. கை தானாகவே பண்ணியது என்று சொன்னால் பொய், நான்தான் பண்ணினேன், வெள்ளையைப் பாதியாகப் பிரித்து ரெண்டு பொட்டலத்திலும் வைத்தேன். சிவப்பு ஏழையும் தூணடிக் கல்லுக்குக் கீழே தள்ளினேன். பெரிய விளையாட்டுதான், உச்சிமாகாளியையே ஏமாற்றுகிற விளையாட்டு, ஆனால் கட்டி முடிக்கிறவரை என் வாயில் ஒரு குரலும் இல்லை, கண்டக்டர் இல்லை, கோழி இல்லை, என் குரல்கூட இல்லை. எனக்குத் தெரிந்த அந்த மொண்ணை முடிச்சை ரெண்டிலும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதினி வாங்கிப் படியில் வைத்தாள். "குழாயில கையக் கழுவிட்டு அகியக் கூட்டிட்டு வா, அங்கன மண்ணுல விளையாடுதான்" என்றாள். அவன் வரமாட்டேன் என்று அடம்பிடித்தான், ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக் காட்டி அழைத்து வந்தேன். நாங்கள் வந்தபோது மதினி சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், கண்ணை மூடிக்கொண்டு. "நான் பாக்கல. அவன் எடுக்கட்டும்" என்றாள். அவள் கெண்டைக்கால் நடுங்கியது. எதற்கு நடுங்குகிறாய் மதினி, ரெண்டும் வெள்ளை, எதை எடுத்தால் என்ன என்று என் வயிற்றுக்குள் சிரிப்பு அப்போதுதான் உருண்டு திரண்டது. அகிலேஷ் இடது பக்கப் பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டினான். அதன் மேல் ஒரு எறும்பு ஓடியது, கட்டெறும்பு. கையை இழுத்துக்கொண்டான். வலது பக்கத்தில் இருந்ததை எடுத்தான். பிரித்தேன். வெள்ளை. வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும். ஆனால் மதினி திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், அந்த முகத்தை நான் எந்தக் குரலிலும் செய்துகாட்ட முடியாது. அவள் தரையோடு தரையாக விழுந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளிக் கண் அப்படியே இருந்தது. அது என்னைப் பார்த்தது என்று சொல்ல மாட்டேன். பார்க்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். சிரிக்க வேண்டியவள் நான். கட்டினது நான், எனக்குத் தெரியும், இருந்தும் அந்த வெள்ளைப் பூ எனக்கே புதிதாக இருந்தது, நான் வைக்காத பூ மாதிரி.

அந்தக் கவரை அவள் உண்டியலில் போட்டாள். ரெண்டாவது பொட்டலத்தை அங்கேயே படியில் விட்டிருக்க வேண்டும், எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். விடவில்லை. பிரிக்கவும் இல்லை. எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள். இதோ இப்போதும் அந்த முடிச்சு எனக்கு நேர் முன்னால் அவள் இடுப்பில் ஆடுகிறது, ஒரு சின்ன வெங்காயம் அளவு. காலையிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதற்கு வைத்திருக்கிறாள். காவலுக்கா. திருநீறு மாதிரியா. பிரித்தால் என்ன ஆகும். உள்ளே வெள்ளையைப் பார்ப்பாள், ரெண்டும் வெள்ளை என்று தெரியும், விடுதலை பொய் என்று தெரியும். ஓட்டுப் போட்ட பிறகு தெரிந்தால் முதுகில் ஒரு அடியோடு போகும். போகுமா. அகிலேஷுக்கு மறுபடி ஒரு நாள் வெட்டி இழுத்தால். இழுக்கும், மாத்திரை தவறினால் இழுக்கத்தான் செய்யும், டாக்டரே சொன்னார். அப்போது அவள் கையைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். இதை நான் நேற்று யோசிக்கவே இல்லை. ஏழு பூவைப் பிரிக்கும்போது அதில் ஒரு பிள்ளையின் தலை இருக்கிறது என்று. அப்படியானால் குழாயடியில் சொல்லக்கூடாது. சாகும்வரை சொல்லக்கூடாது. அப்படியானால் இந்தச் சிரிப்பை நான் என்ன செய்வது, எங்கே போய் இறக்கி வைப்பது. நாலு பேர். மூணு பேர். குழலி மதினி முந்தியை அவிழ்க்கிறாள். ஸ்லிப்புக்காகத்தான், ஸ்லிப்பும் அதற்குள்தான் இருக்கிறது. ஸ்லிப்பை எடுத்துவிட்டாள். பொட்டலமும் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நகம் நூலுக்குப் போகிறது. நான் சட்டென்று அந்த வாத்தியார் குரலை எடுத்து, "கையில ஸ்லிப்பத் தவிர எதுவும் இருக்கக்கூடாதும்மா, மத்ததெல்லாம் வெளிய போட்டுட்டு வாங்கம்மா" என்கிறேன். வரிசை முழுக்கப் பைகளைத் தடவுகிறது, ஒருத்தி கொண்டையிலிருந்து பூவைக்கூட உருவுகிறாள், உள்ளேயிருந்து வாத்தியாரே எட்டிப் பார்க்கிறார், நாம் எப்போது இதைச் சொன்னோம் என்ற முகத்தோடு. மதினி மட்டும் திரும்பவில்லை.

"வாய மூடுட்டி" என்கிறாள், மெதுவாக. பிரிக்கிறாள்.

சிவப்பு.

சிவப்பு அரளி. மூன்று, நான்கு, கசங்கி, ஓரம் கறுத்து, ஆனால் சிவப்பு, சந்தேகமே இல்லாத சிவப்பு. நான் வெள்ளையைத்தான் வைத்தேன், இந்தக் கையால், ரெண்டிலும் வெள்ளை, சிவப்பு ஏழும் கல்லுக்கடியில். உச்சிமாகாளி மாற்றிவிட்டாள். பூட்டின கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பேசாத வாயோடு என் வெள்ளையைச் சிவப்பாக மாற்றி வைத்துவிட்டாள், விளையாடினாய் அல்லவா, இதோ என் பங்கு என்று. கை ரோமம் நிற்கிறது, குற்றாலிங்கத்துக்கு நின்ற மாதிரி, நான் அவரைப் பார்த்துச் சிரித்தேனே. எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்பா குரலில் நான் அணைத்ததும் தெரிந்திருக்கும், அது யார் கை என்று அவளுக்கா தெரியாது. விழுந்து கும்பிட வேண்டும் போலிருக்கிறது, இங்கேயே, பள்ளிக்கூடத்து வராந்தாவில். மதினி இலையைச் சுருட்டி நூலை விரலில் சுற்றிக்கொள்கிறாள், நூல், நூலைப் பார்க்கிறேன். முடிச்சு இல்லை. என் மொண்ணை முடிச்சு அதில் இல்லை. நெருக்கமாக மூன்று சுற்று, சுற்றினதன் வளைவு இன்னும் நூலில் நிற்கிறது, நுனி நகத்தால் அறுத்தது. நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களுக்கு மட்டும் வருகிற சுற்று.

"மதினி."

"என்ன."

"இது நான் கட்டினது இல்ல."

"இல்ல."

"எப்படித் தெரியும் ஒனக்கு."

"நீ பூக் கட்டும்போது சத்தமே இல்லையேட்டி. பொறந்ததுலேர்ந்து நீ அவ்வளவு நேரம் வாயப் பொத்திக்கிட்டு இருந்ததில்ல. ஒன்ன அனுப்பிட்டுத் தூணுக்கு அந்தப் பக்கம் போயி பாத்தா கல்லுக்கடியில ஏழு செவப்பும் கெடக்கு." அகிலேஷை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அப்படி வச்சுக்கிட்டு அவகிட்ட கேக்க முடியுமா. ஒண்ணப் பிரிச்சு செவப்ப வச்சுச் சுத்துனேன். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்லா. அதான் திரும்பி நின்னேன்."

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். என் சொந்தக் குரலில்தான் வந்தது, அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. "அவன் செவப்ப எடுத்திருந்தா?"

"ஆட்டோதான்" என்றாள், உலை கொதித்துவிட்டது என்று சொல்வது போல. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூணு நாளைக்கு அப்புறம், வயிற்றிலிருந்து, தோள் குலுங்க, அவள் இடுப்பில் அகிலேஷும் சேர்ந்து குலுங்கினான். நான் வைத்திருந்த சிரிப்புதான் அது. என்னிடமிருந்து எப்போது எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

முன்னால் நின்றவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், வாத்தியார் அடுத்தவரைக் கூப்பிட்டார். அவள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவன் ரொம்ப லேசாக இருந்தான். அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சின்ன விரல்கள், நகத்தில் மண். இந்தக் கை முதலில் இடது பக்கம்தான் போனது. அந்த எறும்பு எங்கேயிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.